'தி பாப்பி வார்' படித்தவர்களே, அந்தப் பழிவாங்கலை நீங்களும் விரும்பினீர்களா?

இரவுவாசகி எழுதியது:

முதலில் ஓர் எச்சரிக்கை. நாவலின் கடைசிப் பக்கம் வரை பேசப்போகிறேன். படுகொலையும் பாலியல் வன்முறையும் பேச்சில் வரும். இன்னும் படிக்காதவர்களும், இப்போது மனம் சோர்ந்திருப்பவர்களும் இந்த இழையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆர். எஃப். குவாங் எழுதி 2018-இல் வந்த 'தி பாப்பி வார்' நாவலை முடித்துவிட்டேன். அதன் பிறகு எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் மனம் ஒட்டவில்லை. இருபத்தொன்றாம் அத்தியாயம் கொடுமையானது என்று முன்பே படித்தவர்கள் சொல்லியிருந்தார்கள். நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டுதான் போனேன். அழுதேன், மூடி வைத்தேன், மறுபடி திறந்தேன். ஆனால் இன்றுவரை என்னை விடாமல் பிடித்திருப்பது அந்த அத்தியாயம் அல்ல. அதைப் படித்த பிறகு எனக்குள் எழுந்த ஆசைதான்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரின் ஒரு போர் அநாதை. அபின் கடத்தும் குடும்பத்தில் வளர்கிறாள். கட்டாயத் திருமணத்திலிருந்து தப்பிக்க நாடு தழுவிய தேர்வுக்குப் படிக்கிறாள். தூக்கம் வராமலிருக்க உருகிய மெழுகைக் கையில் ஊற்றிக்கொண்டு படிக்கிறாள். தேறி, சினேகார்ட் ராணுவப் பள்ளியில் சேர்கிறாள். முதல் பாகம் முழுவதும் பள்ளிக்கூடக் கதை: பொறாமை, போட்டி, விசித்திரமான ஓர் ஆசிரியர், கிதாய் என்ற நல்ல நண்பன். பிறகு முகென் நாட்டுப் படை வருகிறது. போர், கோலின் நீஸ் நகரத்தின் அழிவு. கடைசியில் ரின் நெருப்புத் தெய்வமான ஃபீனிக்ஸை அழைத்து, எதிரிகளின் தீவு முழுவதையும் மக்களோடு சேர்த்து அழித்துவிடுகிறாள்.

அவள் அந்தத் தெய்வத்தின் முன் நின்ற கணத்தில் நான் "செய், தயங்காதே" என்று மனத்துக்குள் கத்திக்கொண்டிருந்தேன். அந்த ஆசை கொழுந்துவிட்டு எரிந்தது. அவள் செய்தும் முடித்தாள். கிதாய்க்கு அது தெரிந்ததும் அவன் கொதித்துப்போகிறான். அந்தத் தீவில் இருந்தவர்கள் எல்லோரும் படைவீரர்களா? விவசாயிகள், கிழவர்கள், பிறந்த குழந்தைகள் இல்லையா? அந்த இடத்தைப் படித்தபோது என் முகம் சூடாகிவிட்டது. அவன் ரின்னோடு சண்டை போடுகிறான், சரி. ஆனால் அவளோடு சேர்ந்து நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேனே.

நான் எறும்பைக்கூட மிதிக்காமல் விலகிப்போகிறவள். ஒரு தேசத்தையே எரிக்கச் சொல்லும் மனம் எனக்குள் எங்கே இருந்தது? படித்தவர்கள் சொல்லுங்கள், உங்களுக்கு என்ன ஆனது?

---

சுவடி எழுதியது:

இரவுவாசகி, உங்களுக்கு வந்த கோபம் வெறும் கற்பனைக்கு வந்த கோபம் அல்ல என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கோலின் நீஸ் என்பது நாஞ்சிங் நகரம். 1937 டிசம்பர் 13 அன்று ஜப்பானியப் படை அன்றைய சீனத் தலைநகரான நாஞ்சிங்கைப் பிடித்தது. தொடர்ந்து ஏறத்தாழ ஆறு வாரங்கள் கொலையும் கொள்ளையும் பாலியல் வன்முறையும் நடந்தன. போருக்குப் பின் நடந்த டோக்கியோ தீர்ப்பாயம் கொல்லப்பட்டவர்கள் 2 லட்சத்துக்கும் மேல் என்றது. சீன அரசு சொல்லும் கணக்கு 3 லட்சம். நாஞ்சிங்கில் 1985-இல் திறக்கப்பட்ட நினைவகத்தின் சுவரில் அந்த எண்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது.

நாவலில் கைதிகளை வைத்துப் பரிசோதனை செய்யும் ஷிரோ என்ற மருத்துவன் வருகிறான் அல்லவா? ஹார்பின் நகருக்கு அருகே பிங்ஃபாங்கில் 731-ஆம் படைப்பிரிவை நடத்தியவர் ஷிரோ இஷீ. உயிரோடு இருந்த மனிதர்கள்மேல் நோய்க்கிருமிகளையும் கடுங்குளிரையும் சோதித்துப் பார்த்தவர்கள் அந்தப் பிரிவினர். போர் முடிந்ததும் அமெரிக்கா அந்தத் தரவுகளை வாங்கிக்கொண்டு அவர்மீது வழக்கே இல்லாமல் விட்டுவிட்டது. இஷீ தண்டனை எதுவும் இன்றி 1959-இல் இயற்கையாக இறந்தார்.

நாவலைப் படித்துவிட்டு "இவ்வளவு கொடூரமாக எழுத வேண்டுமா" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். சாமன்களும் (தெய்வங்களை அழைப்பவர்கள்) தெய்வங்களும் எழுத்தாளர் சேர்த்தவை. கொடூரம் அவர் சேர்த்தது அல்ல.

---

பாலைநிலம் எழுதியது:

எனக்கு இந்த நாவல்மீது கடுமையான மனக்குறை உண்டு. நடந்தது உண்மை என்பதால்தான் அந்தக் குறை.

செத்தவர்களுக்குப் பெயர் இருந்தது. அவர்கள் வாழ்ந்த தெருவுக்குப் பெயர் இருந்தது. அந்தச் சாவுகளை எடுத்து, பெயரை மாற்றி, கற்பனை நகரத்தில் வைத்து, ஒரு நாயகிக்குத் தெய்வ சக்தி வருவதற்கான காரணமாக ஆக்குவது எனக்கு ஒப்பவில்லை. படிப்பவர் அழுகிறார், ஆத்திரப்படுகிறார், சில அத்தியாயங்கள் கழித்து நெருப்பு வந்து அந்த ஆத்திரத்தை ஆற்றிவிடுகிறது. நாஞ்சிங்கில் யாருக்கும் எந்தத் தெய்வமும் வரவில்லை.

நாஞ்சிங்கில் வந்தது யார் தெரியுமா? மின்னி வாட்ரின் என்ற அமெரிக்கப் பெண்மணி. ஜின்லிங் மகளிர் கல்லூரியின் பொறுப்பில் இருந்தவர். படைவீரர்கள் துப்பாக்கியோடு உள்ளே நுழையும்போதெல்லாம் வாசலுக்கும் கட்டடத்துக்கும் ஓடி ஓடித் தடுத்தார். பெண்களும் குழந்தைகளுமாகப் பத்தாயிரம் பேர் வரை அந்த வளாகத்தில் தங்கியிருந்தார்கள். ஒவ்வொரு நாளையும் நாட்குறிப்பில் எழுதினார். அமெரிக்கா திரும்பிய பிறகும் அந்த நினைவுகள் அவரை விடவில்லை. 1941-இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். காப்பாற்றியவரின் நிலையே இதுவென்றால் அகப்பட்டவர்களின் நிலை என்ன? இந்த வாழ்க்கையைப் படிப்பவருக்கு ஆறுதலாக எந்த நெருப்பும் கிடைக்காது. அதுதான் நியாயம் என்று நினைக்கிறேன்.

---

நெய்தல் எழுதியது:

பாலைநிலம் அவர்களே, உங்கள் கோபத்தை மதிக்கிறேன். ஆனால் நெருப்பு ஆத்திரத்தை ஆற்றிவிடுகிறது என்று சொல்கிறீர்களே, அந்த இடத்தில்தான் மாறுபடுகிறேன். யாருக்கு ஆற்றியது? இரவுவாசகியின் பதிவை இன்னொரு முறை படியுங்கள். தன் ஆசை நிறைவேறியதைப் பார்த்துப் பதறிப்போய் நிற்கிறார் அவர்.

இந்த நாவலைப் படிக்கும்போது எனக்கு ஓயாமல் நினைவுக்கு வந்தவள் கண்ணகி. அவளும் ஒரு நகரத்தை எரித்தவள். அவளுக்கும் நடந்தது அநீதி. ஆனால் தீக்கடவுள் அவள் முன்னால் வந்து நின்று, இங்கே யார் பிழைக்க வேண்டும் என்று கேட்கிறான். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் மட்டும் சேர் என்கிறாள் அவள். தலைவிரிகோலமாக, ஒரு முலையைத் திருகி எறிந்துவிட்டு நிற்கிற நிலையிலும் அந்தப் பட்டியல் அவள் வாயிலிருந்து வருகிறது. இளங்கோவடிகள் அதை எழுதாமல் விட்டிருந்தால் நாம் அவளைத் தெய்வமாக வைத்திருப்போமா என்று தெரியவில்லை.

ரின்னிடம் ஃபீனிக்ஸ் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அவளும் பட்டியல் எதுவும் சொல்வதில்லை. முதியோர் வேண்டாம், குழந்தைகள் வேண்டாம் என்ற சொல் அவளிடமிருந்து வரவே இல்லை. அந்த வெற்றிடம்தான் என்னைப் படித்த இரவு முழுவதும் தூங்கவிடாமல் செய்தது. எழுத்தாளர் அதை மறந்து விடவில்லை, வேண்டுமென்றே விட்டிருக்கிறார். ரின்னின் வாழ்க்கைப் பாதையை மாவோவை மனத்தில் வைத்து அமைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். நாயகியைக் கொண்டாட வேண்டும் என்று நினைப்பவர் மாவோவை எடுத்துக்கொள்ள மாட்டார்.

---

மழைக்குருவி எழுதியது:

எல்லோரும் அழுததாகச் சொல்கிறீர்கள். நான் அழவில்லை. இருபத்தொன்றாம் அத்தியாயத்தை ஒரே மூச்சில், எந்த உணர்ச்சியும் இல்லாமல் படித்து முடித்தேன். உடல்கள், உடல்கள், மேலும் உடல்கள். கணக்குப் பார்ப்பதுபோல் படித்துக்கொண்டே போனேன். அதற்கு முன்னால் ரின் மெழுகை ஊற்றிக்கொள்ளும் இடத்தில் என் கையே எரிந்ததுபோல் இருந்தது. ஒரு பெண்ணின் கைக்காகத் துடித்தவளுக்கு ஒரு நகரம் செத்தபோது ஒன்றும் ஆகவில்லை. இதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. என்னிடம் ஏதோ குறை இருக்கிறதோ என்று பயமாக இருக்கிறது.

---

செவிலி எழுதியது:

மழைக்குருவி, பயப்படாதீர்கள் அம்மா. உங்களிடம் குறை எதுவும் இல்லை. என் வேலையில் இதை அடிக்கடி பார்க்கிறேன். பெரிய விபத்து நடந்து பலரை ஒரே நேரத்தில் கொண்டுவரும்போது உறவினர்களில் சிலர் கல்லாகி நிற்பார்கள். கண்ணீர் வராது. அன்பில்லாதவர்கள் என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைத்துவிடுவார்கள். தாங்க முடியாத அளவு வரும்போது மனம் கதவைச் சாத்திக்கொள்கிறது, அவ்வளவுதான்.

ராபர்ட் ஜே லிஃப்டன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1962-இல் ஹிரோஷிமாவில் தங்கி, அணுகுண்டிலிருந்து தப்பியவர்களோடு நீண்ட நேரம் உரையாடினார். சுற்றிலும் சாவைப் பார்த்தும் சிறிது நேரத்தில் எதையும் உணராமல் போய்விட்டதாகப் பலர் அவரிடம் சொன்னார்கள். மனம் மரத்துப்போதல் என்று அவர் அதைக் குறிப்பிட்டார். உயிரைக் காப்பாற்றிக்கொள்ள மனம் செய்கிற வேலை அது. பக்கத்தில் நின்றவர்களுக்கே அப்படி என்றால் பக்கங்களில் படித்த உங்களுக்கு ஏன் நடக்கக் கூடாது?

ஒன்று செய்து பாருங்கள். அத்தியாயம் முழுவதையும் மறந்துவிட்டு வெங்கா ஒருத்தியை மட்டும் நினைத்துப் பாருங்கள். பள்ளியில் ரின்னை ஏளனம் செய்த பணக்காரப் பெண் அவள். முதல் பாகத்தில் அவளை நமக்குப் பிடிக்கவே பிடிக்காது. பிறகு கோலின் நீஸில் அவளைக் கண்டுபிடிக்கிறார்கள். தனக்கும் மற்றப் பெண்களுக்கும் நடந்ததைச் சொல்வது அவள் வாய். அந்த வாயை நாம் வெறுத்துக்கொண்டிருந்தோம். எழுத்தாளர் பள்ளிக்கதையை அவ்வளவு நீளமாக ஏன் எழுதினார் என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. அங்கேதான் உடைந்தும் போனேன்.

---

மழைக்குருவி எழுதியது:

செவிலி அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெங்கா வரும் பக்கங்களை மட்டும் எடுத்துப் பார்த்தேன். இப்போதுதான் வருகிறது. பிறகு எழுதுகிறேன்.

---

ஊர்க்குருத்து எழுதியது:

நான் இந்த நாவலைப் பாதியில் நிறுத்தியவன். முகென் படை வந்துகொண்டிருக்கிறது என்று செய்தி வரும் இடத்தோடு மூடிவிட்டேன். எங்களுடையது போரைக் கண்ணால் பார்த்த குடும்பம். எந்தப் போர், எந்த ஊர் என்று சொல்ல விருப்பமில்லை.

நிறுத்தியதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் "நடந்த உண்மையைப் படிக்கத் துணிவு வேண்டும்" என்ற தொனியில் எழுதுபவர்களைப் பார்க்கும்போது வலிக்கிறது. எங்களுக்குத் துணிவு குறைவு என்று அதற்குப் பொருள் இல்லை. வானத்தில் சத்தம் கேட்டால் எங்கே பதுங்குவது என்று கற்றுக்கொண்ட பிள்ளைக்கு, அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று ஒரு நாவல் சொல்லித்தர வேண்டியதில்லை.

பழிவாங்கும் ஆசை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது எங்களுக்கு வந்தது. சிறுவயதில் தினமும் வந்தது. என் அம்மா அதை எங்களுக்குள் வளரவிடவில்லை. யாரும் மறு கரையில் இருக்கிற பிள்ளைகளைச் சபிக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் சட்டம். எல்லாவற்றையும் இழந்த ஒரு பெண் அந்தச் சட்டத்தை எப்படிப் போட்டாள் என்று எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

---

இரவுவாசகி எழுதியது:

ஊர்க்குருத்து, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் பதிவை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

எனக்கு ஆசை மூண்டதற்குக் காரணம் நான் எதையும் இழக்காதவள் என்பதுதானோ என்று இப்போது தோன்றுகிறது. இழப்பு என்னுடையதாக இல்லாதபோது பழியும் செலவில்லாமல் கிடைக்கிறது. ரின்னின் நெருப்புக்கு அவள் எதையெதையோ விலை கொடுத்தாள். நான் எதைக் கொடுத்தேன்? அவளைவிட வேகமாக நான் அந்தத் தீவை எரித்திருப்பேன்.

பாலைநிலம் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. மின்னி வாட்ரினைப் பற்றி உங்கள் மூலம்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் இந்த நாவலைப் படிக்காமல் இருந்தால் இந்த இழையைத் தொடங்கியிருக்க மாட்டேன், அவர் பெயரும் என்னிடம் வந்திருக்காது. இதையும் கணக்கில் வையுங்கள்.

---

பாலைநிலம் எழுதியது:

வைத்துக்கொள்கிறேன். ஆனாலும் என் கருத்து மாறவில்லை.

நெய்தல் சொன்ன கண்ணகி எடுத்துக்காட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். தீயவர் பக்கம் மட்டும் சேர் என்றாள், சரி. தீயவர் யார் என்று முடிவு செய்தது யார்? ஒரு பொற்கொல்லன் பொய் சொன்னான், ஒரு மன்னன் விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்னான். அந்த மன்னன் தன் தவற்றை உணர்ந்த கணத்திலேயே அரியணையில் உயிரை விட்டுவிட்டான், அரசியும் உடன் இறந்தாள். அதற்குப் பிறகுதான் மதுரை எரிகிறது. குற்றம் செய்தவன் செத்த பிறகு எரிகிற நெருப்பு அது. பட்டியல் சொன்னதால் அது நீதி ஆகிவிடுமா? ரின்னும் தன் மனத்தில் ஒரு பட்டியல் வைத்திருந்தாள், அதில் முகென்காரர்கள் எல்லோருமே தீயவர்கள். வேறுபாடு பட்டியலின் நீளத்தில்தான் இருக்கிறது.

---

நெய்தல் எழுதியது:

இதற்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் மன்னன் இறந்ததோடு சிலம்பு முடிந்திருந்தால் நமக்கு ஒரு வழக்கின் கதை மட்டுமே கிடைத்திருக்கும். எரியும் நகரத்தின் நடுவில் மதுராபதித் தெய்வம் அவள் முன்னால் வரத் தயங்கிப் பின்பக்கமாக வந்து பேசுகிறது. அவளைத் தணிக்க ஒரு குரல் வருகிறது. ரின்னுக்கு அந்தக் குரல் கிதாயிடமிருந்து வருகிறது, எல்லாம் முடிந்த பிறகு. அந்தக் காலதாமதம்தான் இந்த நாவலின் துயரம் என்பேன்.

கற்பனையை உண்மைப் போரோடு கலப்பதே தவறு என்றும் சொன்னீர்கள். கலிங்கத்துப்பரணியை என்ன செய்வது? முதலாம் குலோத்துங்கன் காலத்தில் கருணாகரத் தொண்டைமான் நடத்திய உண்மையான போர் அது. செயங்கொண்டார் அந்தக் களத்தில் பேய்களைக் கொண்டுவந்து பிணங்களில் கூழ் சமைக்கவைக்கிறார். அதை நாம் சுவைத்துத்தான் படித்தோம். செத்த கலிங்கத்தவருக்கு அங்கே ஒரு பெயரும் இல்லை. வென்றவன் அவையில் பாடப்பட்ட கற்பனை அது. குவாங் அழிக்கப்பட்டவர்களின் பக்கம் நின்று எழுதுகிறார். கலப்பது குற்றம் அல்ல, எந்தக் கரையில் நின்று கலக்கிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

---

சுவடி எழுதியது:

ஒரு சிறிய சேர்க்கை. ஐரிஸ் சாங் எழுதிய 'தி ரேப் ஆஃப் நாங்கிங்' 1997-இல் வெளிவந்தது. மேற்குலகில் பரவலாக மறக்கப்பட்டிருந்த இந்தப் படுகொலையைப் பொதுவாசகர்களிடம் கொண்டுசேர்த்ததில் அந்த நூலுக்குப் பெரும் பங்கு உண்டு. சீமென்ஸ் நிறுவனத்தின் பொறுப்பாளராக அங்கே இருந்த ஜான் ராபே என்ற ஜெர்மானியரின் நாட்குறிப்பு வெளியுலகுக்குத் தெரிய வந்ததும் ஐரிஸ் சாங்கின் தேடலால்தான். ராபே நாஜிக் கட்சி உறுப்பினர். அதே மனிதர் நாஞ்சிங் பாதுகாப்பு வலயக் குழுவின் தலைவராக இருந்து, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தஞ்சம் புகுந்த பகுதியைக் காக்கப் போராடினார். இதை எந்த நாவலாசிரியராவது எழுதியிருந்தால் நம்பும்படி இல்லை என்று சொல்லியிருப்போம்.

நாவலோடு நிற்காமல் வரலாற்றுக்குள் போக விரும்புபவர்கள் ஐரிஸ் சாங்கிலிருந்து தொடங்கலாம். ஆனால் நாவலை முடித்த உடனே போகாதீர்கள். இடையில் வேறு ஏதாவது படியுங்கள்.

---

தேன்மொழி_தாய் எழுதியது:

என் மகளுக்குப் பதினாறு வயது. நூலகத்திலிருந்து இந்த நாவலை எடுத்துவந்து பள்ளிக்கூடப் பகுதியை ஆசை ஆசையாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். நாயகி அவள் வயதுப் பெண் என்பதால் இளையோர் நாவல் என்று நானும் இருந்துவிட்டேன். இந்த இழையைப் பார்த்ததும் கைகால் ஓடவில்லை. பிடுங்கி வைத்துவிடவா?

---

செவிலி எழுதியது:

பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் ஒளித்து வைத்துத் தனியாகப் படிப்பாள், அதுதான் கெடுதல். இது இளையோருக்காக எழுதிய நாவல் அல்ல என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். போர் தொடங்கும் இடம் வந்ததும் உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள். அதற்கு முன் நீங்கள் இருபத்தொன்றாம் அத்தியாயத்தைப் படித்துவிடுங்கள். அதில் என்ன வருகிறது என்று அவளிடம் முன்கூட்டியே கூறி, வேண்டாம் என்றால் தாண்டிப்போகலாம் என்று சொல்லுங்கள். தாண்டினாலும் கதை புரியும். அபினும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் இடங்களும் வருகின்றன, அதையும் கவனியுங்கள். இரவில் மட்டும் படிக்க வேண்டாம்.

---

இரவுவாசகி எழுதியது:

செவிலி அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எதைத் தாண்டினாலும் கிதாய் ரின்னோடு சண்டை போடும் இடத்தை மட்டும் உங்கள் மகள் தாண்ட வேண்டாம். கொடுமையைப் படித்துவிட்டு அந்தச் சண்டையைப் படிக்காமல் விட்டால் அவளிடம் எரிக்கிற ஆசை மட்டும் மிஞ்சிவிடும்.

இரண்டாம் நாவலான 'தி டிராகன் ரிபப்ளிக்' 2019-இல் வந்தது. அதைத் தொடங்கிவிட்டேன். தான் செய்ததை ரின் அபினில் மூழ்கி மறக்கப் பார்க்கிறாள், முடியவில்லை. இந்த முறை அவள் பக்கம் எந்த இடத்தில் சாய்கிறேன் என்று ஒவ்வொரு அத்தியாயத்தின் ஓரத்திலும் பென்சிலால் குறித்துக்கொண்டு படிக்கிறேன். உடன் படிக்க விருப்பமுள்ளவர்கள் இங்கே பெயர் கொடுங்கள், பாகம் பாகமாகப் பேசலாம். பாலைநிலம் அவர்களே, நீங்கள் கட்டாயம் வர வேண்டும்.